படச்சட்டத்தின் மூலையும் ஒரு மரத் தாங்கியும்

உங்கள் வீட்டுச் சுவரில் மரச்சட்டம் போட்ட பழைய படம் ஏதாவது இருந்தால், அதன் கீழ் மூலையை அருகில் போய்ப் பாருங்கள். இரண்டு கட்டைகள் சாய்வாக வெட்டப்பட்டு ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். அந்தச் சாய்ந்த கோட்டில் மெல்லிய இடைவெளி ஒன்று தெரிகிறதா? பல வீடுகளில் தெரியும். படம் கீழே விழாத வரை அதை யாரும் கவனிப்பதில்லை.

கும்பகோணத்துக்கு அருகே ஓர் ஊரில், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் வீட்டில் அப்படி ஒரு படம் விழுந்தது. சித்திரை மாதம், நள்ளிரவு. மின்விசிறிச் சத்தத்தையும் மீறிக் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டு எழுந்து விளக்கைப் போட்டார். கூடத்துச் சுவரில் ஆணி அப்படியே இருந்தது. ஆணியில் கயிறும் இருந்தது. கயிற்றில் சட்டத்தின் மேல்கட்டையும் இரண்டு பக்கக் கட்டைகளும் தொங்கிக்கொண்டிருந்தன. கீழ்க்கட்டை மட்டும் தரையில் கிடந்தது. அதைச் சுற்றிலும் கண்ணாடித் துண்டுகள். நடுவில், மேலே பார்த்தபடி, அதற்கு முந்தைய வைகாசியில் இறந்துபோன அவருடைய மனைவியின் முகம்.

படத்துக்குப் பெரிய சேதம் இல்லை. ஓரத்தில் மட்டும் கண்ணாடி கீறியிருந்தது. ஆனால் தலைத்திவசத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

"அப்பா, நான் வர்றப்ப நல்ல ஃபைபர் ஃபிரேமா வாங்கிட்டு வர்றேன்ப்பா. நீங்க செருப்பப் போட்டுக்கிட்டு அந்தக் கண்ணாடிய ஜாக்கிரதையா கூட்டி அள்ளுங்க, போதும்" என்று போனில் சொன்னாள் சென்னையில் இருக்கும் மகள்.

"சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். ஆனால் மனம் ஆறவில்லை. கடையில் வாங்கிய சட்டமாக இருந்தால் கடைக்காரரைத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். இந்தச் சட்டத்தைச் செய்தவர் அவரேதான்!

மனைவி போன பிறகு வீட்டில் பொழுது போகாமல், தெருக்கோடியில் இருக்கும் ஆசாரியின் பட்டறையில் போய் உட்கார ஆரம்பித்தவர் அவர். எழுபது வயதைத் தாண்டிய ஆசாரி முதலில் பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்ததே என்று விட்டுவிட்டார். பிறகு இழைப்புளியைக் கையில் கொடுத்துப் பழக்கினார். ஐப்பசி மழையில் பட்டறைக்குள் அடைந்து கிடந்த நாட்களில் ஆசிரியர் தனியாகச் செய்து முடித்த முதல் வேலை அந்தச் சட்டம். 40 மில்லிமீட்டர் அகலமும் 20 மில்லிமீட்டர் கனமும் உள்ள தேக்குக் கட்டைகள். உள்பக்கம் கண்ணாடி உட்காரக் காடி. நான்கு மூலைகளிலும் 45 டிகிரி வெட்டு. வெள்ளைப் பசை தடவி, மூலைக்கு இரண்டு சின்ன ஆணி.

மறுநாள் காலை உடைந்த சட்டத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

"பசை சரியில்ல போலிருக்கு ஆசாரி" என்றார்.

ஆசாரி பிரிந்த முனையைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். "பசைய ஏன் சார் குத்தம் சொல்றீங்க? அது பிடிக்கறதுக்கு நார் வேணும்ல" என்றார்.

அது என்ன நார்?

மரம் என்பது நீளவாக்கில் அடுக்கப்பட்ட மெல்லிய குழல்களின் கட்டு. இளநீர் குடிக்கும் ஸ்ட்ராக்கள் நூறை ஒன்றாகக் கட்டியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கட்டுகளைப் பக்கவாட்டில் அணைத்து ஒட்டினால் நார் நாரோடு நீளமாகப் படுத்துப் பிடிக்கும். அந்த ஒட்டு பெரும்பாலும் மரத்தின் அளவுக்கே பலமாக இருக்கும். அதையே முனையோடு முனை வைத்து ஒட்டினால், குழல்களின் திறந்த வாய்கள்தான் ஒன்றையொன்று தொடும். பசையில் ஒரு பகுதியைக் குழல்கள் உறிஞ்சிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கோட்டில் ஒரு நார்கூட இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போவதில்லை. வெட்டாத முழுக் கட்டையில் நார்கள் தாங்கும் சுமையை இங்கே பசை மட்டுமே தாங்க வேண்டும். 45 டிகிரி வெட்டில் நார்கள் சாய்வாக அறுபடுவதால் ஒட்டும் பரப்பு கொஞ்சம் கூடும். அவ்வளவுதான். பக்கவாட்டிலிருந்து அடித்த ஆணிக்கும் இதே கதிதான். நாருக்குக் குறுக்கே போகும் ஆணி இறுகப் பிடிக்கும். முனை வழியாக நாரோடு போகும் ஆணி சுலபமாகக் கழன்று வரும்.

பழைய கதவு நிலைகளில் ஒரு கட்டையின் முனையைக் குறுக்கி, இன்னொரு கட்டையில் தோண்டிய துளைக்குள் நுழைத்திருப்பார்கள். மரமே மரத்தைப் பிடித்துக்கொள்ளும். படச்சட்டத்தில் அப்படிச் செய்தால் மூலையில் முனைமரம் வெளியே தெரியும், அலங்காரக் கோடுகளும் மூலையில் வந்து சேராது. அழகுக்காகச் சாய்த்து வெட்டுகிறோம். அந்த அழகுக்குக் கொடுக்கும் விலை பலம்.

இது பாதிக் கதைதான். மீதிப் பாதி மழையும் வெயிலும்!

மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி விரியும், வறண்டால் சுருங்கும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அல்ல. பச்சைத் தேக்கு முழுவதும் காயும்போது, வளர்ச்சி வளையங்களின் போக்கில் சுமார் 5 சதவீதம் சுருங்கும். வளையங்களுக்குக் குறுக்கே அதில் பாதி. நீளத்திலோ சுருக்கம் கண்ணுக்கே தெரியாது. மற்ற பல மரங்களோடு ஒப்பிட்டால் தேக்கு நல்ல பிள்ளை. அதுவே இப்படித்தான்.

அகலம் மாறி நீளம் மாறாவிட்டால் என்ன ஆகும்? கணித ஆசிரியருக்கு இது போதும். ஒரு ப்ளைவுட் துண்டை எடுத்து அதிலேயே கணக்குப் போட்டார். மழைக்காலத்தில் வெட்டிய 40 மில்லிமீட்டர் கட்டை கோடையில் அகலத்தில் 1 சதவீதம் சுருங்குகிறது என்று வைத்துக்கொண்டால், 45 டிகிரி வெட்டு 44.7 டிகிரி ஆகிவிடும். மூலையில் சேர்வது இரண்டு கட்டைகள். இரண்டும் சேர்ந்தால் 90 டிகிரிக்குச் சுமார் 0.6 டிகிரி குறையும். வெளிமுனை தொட்டுக்கொண்டே இருக்க, உள்முனையில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக வாய் பிளக்கும். மாறாக, கோடையில் செய்த சட்டம் மழைக்காலத்தில் விரிந்தால் உள்முனை முட்டிக்கொண்டு வெளிமுனை திறக்கும்.

ஐப்பசியில் செய்த சட்டம், சித்திரையில் உள்முனையில் திறந்திருக்கிறது. கணக்கு சரியாக இருந்தது. அந்தப் பிளவு ஒவ்வொரு நாளும் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பியிருக்கிறது. 45 சென்டிமீட்டருக்கு 60 சென்டிமீட்டர் அளவில் 3 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் எடை 2 கிலோ. அந்த 2 கிலோவும் கீழ்க்கட்டை மேல் உட்கார்ந்திருக்கிறது. கீழ்க்கட்டையைப் பிடித்திருப்பது இரண்டு மூலைகள். இரண்டு மூலைகளையும் பிடித்திருந்தது பசை.

"அப்ப மரம் சுருங்காம இருக்க என்ன வழி?" என்று கேட்டார் ஆசிரியர்.

"அதுக்கு வழி கிடையாது சார். அசையறத நிறுத்த முடியாது. பிரியறத வேணா நிறுத்தலாம்" என்றார் ஆசாரி.

அதற்கு அவர் சொன்ன வழி இதுதான். ஒட்டிய சட்டத்தின் வெளிமூலையில், இரண்டு கட்டைகளையும் சேர்த்து ஒரு மெல்லிய காடி வெட்ட வேண்டும். அதற்குள் அதே கனத்தில் ஒரு மரப்பட்டையைப் பசை தடவிச் செருக வேண்டும். பட்டையின் நார் மூலைக்கோட்டுக்குக் குறுக்கே ஓட வேண்டும். பசை காய்ந்ததும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை அறுத்துச் சமமாக இழைத்துவிட்டால், மூலையின் பக்கவாட்டில் இரண்டு சின்னக் கோடுகள் மட்டும் தெரியும். முன்னால் நின்று படம் பார்ப்பவர் கண்ணில் எதுவும் படாது. ஆங்கிலத்தில் இதற்கு ஸ்ப்ளைன் என்று பெயர். நார் எதுவுமே கடக்காத கோட்டை இப்போது இந்தப் பட்டையின் நார் கடக்கிறது. பட்டையின் இரண்டு முகங்களும் காடியின் சுவர்களோடு அகலமாகப் படிந்து ஒட்டுகின்றன.

சொல்ல எளிது. ஆனால் 90 டிகிரி மூலையைக் கீழ்நோக்கி நிற்க வைத்து, சுற்றும் ரம்பத்தின் மேல் நேராகத் தள்ளுவது எப்படி?

மேலை நாடுகளில் வீட்டு மரவேலைக்காரர்கள் இதற்கு டேபிள் சா வைத்திருக்கிறார்கள். இரும்பு மேசை, அதன் நடுவே பிளவு, பிளவு வழியே எட்டிப் பார்க்கும் வட்ட ரம்பம். நம்மூர்ப் பட்டறைகள் பலவற்றில் இருப்பது அதன் ஏழைத் தம்பி. கையில் பிடித்து அறுக்கும் 7 அங்குல கட்டிங் மெஷினைத் தலைகீழாகத் திருப்பி, கனமான ப்ளைவுட்டின் அடியில் திருகி, நான்கு கால் போட்டு நிறுத்தியிருப்பார்கள். சுவிட்ச் தனியாக மேசையின் பக்கத்தில் இருக்கும். நீளமான கட்டை ஒன்றை ரம்பத்துக்கு இணையாக இறுக்கி வைத்தால் அதுதான் வழிகாட்டி. வேலை நடக்கும். ஆனால் ரம்பத்தை மூடும் கவசம் இருக்காது.

ஆசாரியின் இடது கை மோதிர விரலில் மேல் கணு கிடையாது. அது இந்த மாதிரி ஒரு மேசையில், ஒரு சாயங்காலம், கடைசிக் கட்டை என்று அவசரப்பட்டபோது போனது.

முதல் நாள் ஆசிரியர் சட்டத்தை மீண்டும் ஒட்டினார். பழைய பசை ஏறிய முனைகளை ஒவ்வொன்றிலும் 3 மில்லிமீட்டர் அறுத்துவிட்டு, புதிதாக 45 டிகிரி வெட்டி, பசை தடவி, சைக்கிள் டியூபைக் கீறிச் சட்டத்தைச் சுற்றி இழுத்துக் கட்டினார். கண்ணாடி எப்படியும் புதிதுதான், கொஞ்சம் சின்னதாக வெட்டிக்கொள்ளலாம். அடுத்த நாள் காடி வெட்ட ஒரு வீண் கட்டையில் ஒத்திகை பார்த்தார். இரண்டு துண்டுகளை மூலையாக ஒட்டி, கையால் பிடித்து, வழிகாட்டிக் கட்டையில் சாய்த்து, ரம்பத்தின் மேல் தள்ளினார். மூலை அரைக்கணம் ஆடியது. ரம்பம் அதைக் கவ்வி அவர் தோளைத் தாண்டி எறிந்தது. பின்சுவரில் போய் மோதிய சத்தத்துக்கு ஆசாரி ஓடிவந்து சுவிட்சை அணைத்தார்.

சிறிது நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. ரம்பம் சுற்றி ஓய்ந்த பிறகு ஆசாரி தன் மோதிர விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வாத்தியார் விரல் சாக்பீஸ் பிடிச்ச விரலு. அது இருக்கும்போதே ஒரு தாங்கி செஞ்சுக்குங்க சார்."

இந்தத் தாங்கியைத்தான் ஜிக் என்கிறார்கள். ஜிக் எதையும் வெட்டாது. மரத்துக்கும் கருவிக்கும் நடுவில் நின்று, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ஒரே கோணத்தில் வேலை நடக்கச் செய்வது மட்டுமே அதன் வேலை. இட்லித் தட்டின் குழி எல்லா இட்லியையும் ஒரே வட்டமாக்குவது போல. மாவு ஊற்றும் கை நடுங்கினாலும் இட்லி வட்டமாகத்தான் வரும்.

ஆசிரியர் செய்த ஜிக்கில் இரண்டு பகுதிகள்.

முதல் பகுதி சேணம். 12 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் 40 சென்டிமீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் உயரத்தில் இரண்டு பலகைகள். வழிகாட்டிக் கட்டையின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக நிற்க, மேலே ஒரு துண்டு இரண்டையும் இணைக்கும். குதிரை மேல் சேணம் உட்காருவது போல அது கட்டை மேல் உட்கார்ந்து முன்னும் பின்னும் நகரும். இறுக்கமாக இருந்தால் நகராது, தளர்வாக இருந்தால் ஆடும். இதற்கு ஆசாரி ஒரு தந்திரம் சொன்னார். பலகைகளை இணைக்கும்போது கட்டைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு தாளைச் செருகி வைத்துத் திருக வேண்டும். பிறகு தாளை உருவிவிட்டால் அந்தத் தாளின் கனம்தான் இடைவெளி. மெழுகுவத்தியை உள்பக்கம் தேய்த்துவிட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும்.

இரண்டாவது பகுதி தொட்டில். ரம்பம் இருக்கும் பக்கத்துப் பலகையின் முகத்தில், சட்டத்தின் கனத்தைவிடச் சற்றுக் கனமான இரண்டு ரீப்பர்களை மேசையிலிருந்து 45 டிகிரி சாய்வில், ஒன்று இந்தப் பக்கமும் ஒன்று அந்தப் பக்கமுமாகத் திருகினார். பார்க்க விரித்த புத்தகத்தை நிற்க வைத்தது போல இருக்கும். சட்டத்தின் மூலை இந்த மடியில் உட்காரும்.

இங்கேதான் கணித ஆசிரியர் ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டார். இரண்டு ரீப்பர்களுக்கும் நடுவிலுள்ள 90 டிகிரி துல்லியமாக இருந்தே ஆக வேண்டும். அது தவறினால் சட்டத்தின் மூலை ஒரு பக்கம் தொட்டு மறுபக்கம் ஆடும். அந்த ஆட்டம்தான் முதல் நாள் கட்டையைத் தூக்கி எறிந்தது. ஆனால் மேசையிலிருந்து 45 டிகிரி என்பது அரை டிகிரி முன்னே பின்னே இருந்தாலும் பாதகம் இல்லை. காடி ஒரு கட்டையில் கொஞ்சம் நீளமாகவும் இன்னொன்றில் கொஞ்சம் குட்டையாகவும் வரும், மூலைக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே அவர் பொறுமை முழுவதையும் 90 டிகிரியில் செலவிட்டார். ஒரு ரீப்பரின் ஓரத்தில் 15 சென்டிமீட்டர், மற்றதன் ஓரத்தில் 20 சென்டிமீட்டர் குறித்து, இரண்டு குறிகளுக்கும் இடையே 25 சென்டிமீட்டர் வருகிறதா என்று பார்த்தார். ஒன்பதாம் வகுப்புக்கு முப்பது வருடம் நடத்திய பிதாகரஸ் தேற்றம்! முதலில் 25.2 வந்தது. ஒரு திருகைக் கழற்றி, நகர்த்தி, மறுபடி அளந்தார். மூன்றாவது முறை சரியாக வந்தது.

இன்னொன்றும் முக்கியம். திருகுகள் எல்லாம் பலகையின் பின்பக்கமிருந்து, மேசையிலிருந்து 7 சென்டிமீட்டருக்கு மேலேதான் போடப்பட்டன. ரம்பம் 3 சென்டிமீட்டர் உயரத்தில் ரீப்பர்களின் அடிப்பகுதியையும் சேர்த்து வெட்டிக்கொண்டு போகும். அதன் வழியில் ஒரு திருகு இருந்தால் ரம்பத்தின் பல் தெறிக்கும். ரீப்பர் வெட்டுப்படுவது குறை அல்ல, நன்மை. ரம்பம் வெளியேறும் இடத்தில் சட்டத்தின் நார் பிய்ந்து சிராய் எழும்பாமல் ரீப்பர் முட்டுக் கொடுக்கிறது.

விரலைக் காக்க விஞ்ஞானமும் யோசித்திருக்கிறது. 1999இல் அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்பவர், தோல் பட்டதும் மின்சார மாற்றத்தை உணர்ந்து 5 மில்லிசெகண்டுக்குள் ரம்பத்தை நிறுத்தும் கருவியை வடிவமைத்தார். அவர் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர், காப்புரிமை வழக்கறிஞர். சாஸ்டாப் என்ற பெயரில் 2004 முதல் அந்த ரம்பங்கள் விற்பனைக்கு வந்தன. அதிசயமான கருவிதான். ஆனால் தலைகீழாகத் திருகிய கட்டிங் மெஷினில் அது கிடையாது. அங்கே விரலுக்குக் காவல், விரல் ரம்பத்தின் அருகில் போகாமலே இருப்பதுதான். ஜிக் செய்வது அதைத்தான். சட்டத்தை ஜி கிளாம்ப் போட்டுப் பலகையோடு இறுக்கிவிட்டால், இரண்டு கைகளும் சேணத்தின் உச்சியில் இருக்கும். ரம்பத்திலிருந்து ஒரு சாணுக்கும் மேலே.

ஆசிரியர் முதலில் வீண் கட்டையில் மூன்று முறை வெட்டிப் பார்த்தார். மூன்று காடிகளும் ஒன்றுபோலவே விழுந்தன. பிறகுதான் சட்டத்தை எடுத்தார். வழிகாட்டிக் கட்டையை ஒரே ஒரு முறை அமைத்து, சட்டத்தின் முன்முகம் பலகையைத் தொட, நான்கு மூலைகளையும் வெட்டினார். பின் அதே அமைப்பில் சட்டத்தைத் திருப்பி, பின்முகம் பலகையைத் தொட, மறுபடி நான்கு. மூலைக்கு இரண்டாக எட்டுக் காடிகள். அளவெடுத்தது ஒரு தடவை. ஒவ்வொரு முறையும் தள்ளி முடித்ததும் சுவிட்சை அணைத்து, ரம்பம் முழுவதும் நின்ற பிறகே சேணத்தைப் பின்னால் இழுத்தார். எட்டு முறையும் ஆசாரி சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றார்.

அடுத்தது பட்டை. பட்டறை மூலையில் கிடந்த பழைய கட்டில் கால் ஒன்றிலிருந்து ஈட்டிமரத்தை ஆசாரி எடுத்துக் கொடுத்தார். ரம்பத்தின் வெட்டு எவ்வளவு கனமோ அவ்வளவு கனத்துக்குப் பட்டையை இழைக்க வேண்டும். இங்கே 2 மில்லிமீட்டர். கையால் தள்ளினால் உள்ளே போக வேண்டும், கவிழ்த்தால் கீழே விழக் கூடாது. சுத்தியலால் அடித்து இறக்கினால், பசையின் ஈரத்தில் பட்டை ஊதி மூலையையே பிளந்துவிடும்.

ஆசிரியர் கனத்தைச் சரியாகக் கொண்டுவந்து, முக்கோணமாக நறுக்கி, ஒன்றைக் காடியில் செருகிக் காட்டினார். பெருமையாகத்தான் இருந்தது. ஆசாரி அதை வெளியே உருவினார். இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து லேசாக மடக்கினார். பட் என்று நடுவில் ஒடிந்தது.

"நார் எந்தப் பக்கம் ஓடுது பாருங்க."

பார்த்தார். முக்கோணத்தின் கூர்முனையிலிருந்து அடிப்பகுதி நோக்கி நார் ஓடியது. அதாவது மூலைக்கோட்டின் போக்கிலேயே! அப்படி ஒரு பட்டையை உள்ளே வைத்தால், மூலை பிரியும்போது பட்டையும் அதே கோட்டில் பிளந்துகொண்டு கூடவே வந்துவிடும். அத்தனை வேலையும் வீண். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. இரண்டிலும் அதே ஈட்டிமரம், அதே கருப்புக் கோடு. ஒன்று பிடிக்கும், இன்னொன்று நடிக்கும்.

மறுபடி நறுக்கினார். இந்த முறை நார் முக்கோணத்தின் அடிப்பக்கத்துக்கு இணையாக, ஒரு கட்டையிலிருந்து மறுகட்டைக்குக் குறுக்கே ஓடியது. ஆசாரி அதையும் மடக்கிப் பார்த்தார். வளைந்தது, ஒடியவில்லை.

எட்டுப் பட்டைகளையும் ஒட்டிக் காயவிட்டு, ஆசிரியர் அந்த ப்ளைவுட் துண்டில் இன்னொரு கணக்கும் போட்டார். 45 டிகிரி வெட்டில் ஒட்டும் பரப்பு, கண்ணாடிக் காடியைக் கழிக்காமல் பார்த்தால், 20க்கு 56.6, ஏறத்தாழ 1,130 சதுர மில்லிமீட்டர். 25 மில்லிமீட்டர் ஆழக் காடியில் பட்டையின் ஒரு முகத்தின் பரப்பு 625. பட்டைக்கு இரண்டு முகம். அதில் பாதி ஒரு கட்டைக்கு, பாதி மறுகட்டைக்கு. ஆக ஒரு பட்டையால் ஒரு கட்டைக்குக் கிடைப்பது 625, இரண்டு பட்டைகளால் 1,250. காடி வெட்டியதில் பழைய ஒட்டு இழந்தது 100 மட்டுமே. ஒட்டும் பரப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. புதிதாகச் சேர்ந்த பரப்போ வெட்டுமுனையில் நிற்கும் பசை அல்ல, மரத்தின் முகத்தோடு முகம் படிந்த பசை. அதையும் விட முக்கியம், மூலைக்கோட்டை இப்போது ஈட்டிமரத்தின் நார் கடந்து போகிறது.

நீட்டிக்கொண்டிருந்த பட்டைகளை மெல்லிய ரம்பத்தால் அறுத்து, மூலையிலிருந்து உள்நோக்கி இழைத்தார். வெளிநோக்கி இழைத்தால் ஓரத்து நார் பிய்ந்துவிடும். தேக்கின் பொன்னிறத்தில் கருப்பாக இரண்டிரண்டு கோடுகள். தேக்கிலேயே பட்டை போட்டு இந்தக் கோடுகளை மறைத்திருக்கலாமே என்று முதலில் நினைத்தவர்தான். முடிந்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. கோடு தெரியட்டும் என்று விட்டுவிட்டார்.

தலைத்திவசத்துக்கு நான்கு நாள் முன்பு கடையில் படத்துக்குக் கண்ணாடி போட்டு வாங்கி வந்து மாட்டினார். சென்னையிலிருந்து ஃபைபர் ஃபிரேமோடு வந்த மகள், சுவரைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. கிட்டப் போய் மூலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது என்னப்பா கருப்பா கோடு?"

"அதுதாம்மா பிடிச்சிக்கிட்டு இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போயின. அடுத்த சித்திரையில் ஆசிரியர் நாற்காலி போட்டு ஏறி மூலைகளைப் பார்த்தார். இடது கீழ்மூலையின் உள்முனையில், தலைமுடி கனத்துக்கு ஒரு பிளவு. சங்கடமாகத்தான் இருந்தது. கீழ்க்கட்டையைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. மற்ற மூன்று மூலைகளையும் இழுத்துப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. ஆவணியில் மழை பிடித்த பிறகு பார்த்தபோது அந்தப் பிளவு மூடியிருந்தது.

ஆசாரி முதல் நாளே சொன்னதுதான். அசைவதை நிறுத்த முடியாது, பிரிவதை நிறுத்தலாம்.

அந்த ஜிக் இப்போது பட்டறைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. தெருவில் யார் வீட்டுப் படம் மூலை விட்டாலும் அதைக் கீழே இறக்குகிறார்கள். ரம்பம் ஓடும்போது இன்றைக்கும் ஆசாரி சுவிட்சுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்.

முதலில் சொன்னது நினைவிருக்கிறதா? உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் படத்தின் கீழ் மூலையை இன்றைக்கு ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பிளவு இருந்தால் பயப்பட வேண்டாம். கீழ்க்கட்டையை மெல்ல இழுத்துப் பாருங்கள். அசைந்தால் மட்டும், படம் விழுவதற்கு முன்னால் நீங்களே கீழே இறக்கிவிடுங்கள்.